எஸ்டி0 என்பது டிரைவின் பெயர் இல்லை, டோக்கன் நம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரத் தொழில்நுட்ப இணைப்பில், சிறிய அலுவலகங்கள் தங்கள் கணக்கு வழக்கை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பெரும்பகுதி சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் கிளவுட் கிளவுட் என்று ஓடுகிற நேரத்தில், எந்தக் கம்பியிலும் மாட்டாமல் பீரோவுக்குள் கிடக்கிற டேப்பை ரான்சம்வேர் தொட முடியாது என்று எழுத ஒரு பத்திரிகை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. லினக்ஸ் சர்வரில் டேப் டிரைவை மாட்டுங்கள், கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் டார் கட்டளையில் டிரைவுக்கு எஸ்டி0 என்று கொடுங்கள், டேட்டாபேஸுக்கு ஒரு வரி, கோப்புகளுக்கு ஒரு வரி, இரண்டையும் குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டால் தினமும் ராத்திரி தானாக ஓடும், அப்புறம் அதை மறந்துவிடலாம் என்று சொல்லியிருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி ஒரு வரியால் ஒரு மாதக் கணக்கைத் தொலைத்தவன் நான்.

தொடங்கும் முன் ஒன்று. ஹார்டு டிஸ்க்குக்கு லினக்ஸ் வைக்கும் பெயரும் டேப் டிரைவுக்கு வைக்கும் பெயரும் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம், தமிழில் எழுதினால் இரண்டுமே எஸ்டி ஆகிவிடுகிறது. இந்தக் கடிதத்தில் எஸ்டி என்று வரும் இடமெல்லாம் டேப்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் டெவ் என்ற அடைவுக்குள் ஒரு பெயர் இருக்கும். சர்வர் எழுந்திருக்கும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு கார்டாக, ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்க்கிறது. முதலில் குரல் கொடுத்த டேப் டிரைவுக்கு எஸ்டி0, அடுத்ததற்கு எஸ்டி1. அவ்வளவுதான். யார் எவர் என்று அது விசாரிப்பதில்லை, நேற்று யாருக்கு எந்த நம்பர் கொடுத்தோம் என்று குறித்து வைத்துக்கொள்வதும் இல்லை. ரீபூட் ஆனால் பழைய நம்பரெல்லாம் போச்சு, மறுபடி பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம். எங்கள் தெரு டாக்டர் கிளினிக்கில் காலையில் யார் முதலில் வந்து உட்காருகிறாரோ அவருக்கு டோக்கன் 1. நேற்று டோக்கன் 1 வாங்கியவருக்குச் சர்க்கரை வியாதி என்பதற்காக இன்று டோக்கன் 1 வைத்திருப்பவருக்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? அந்தப் பெட்டிச் செய்தி செய்யச் சொல்வது அதைத்தான்.

வரிசை ஏன் மாறும், தினமும் ஒரே மாதிரிதானே தேடும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பல மாதம் மாறாமலும் இருந்தது, அதுதான் ஆபத்தே. வெளியே தனிப் பெட்டியாக இருக்கும் டிரைவின் சுவிட்ச் அணைந்திருந்தால் போதும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு நம்பர் முன்னால் நகர்ந்துவிடும். கார்டை வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகினால் மாறலாம். கர்னலை அப்டேட் செய்த பிறகு இரண்டு கார்டுகளின் டிரைவர் மென்பொருள் ஏறும் வரிசை புரண்டால் மாறலாம். பல டிரைவுகளையும் சர்வர்களையும் இணைக்கும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வழியாக டிரைவுகள் வந்தால் கேட்கவே வேண்டாம், ஸ்விட்சில் யார் முதலில் பதிவாகிறாரோ அவருக்கு முதல் நம்பர். பல கார்டுகளை ஒரே நேரத்தில் இணையாகத் தேடுவதால் யார் ஒரு நொடி முந்துகிறார் என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு டிரைவ் இருக்கிற அலுவலகத்தில் இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது டிரைவ் எப்படியும் வந்து சேரும். எல்டிஓ என்ற வகை டேப்பில் ஒரு டிரைவ் தன் தலைமுறைக்கு முந்தைய இரண்டு தலைமுறை கேசட்டைப் படிக்கும் என்பது ஏழாம் தலைமுறை வரை இருந்த ஏற்பாடு. எல்டிஓ-8 அதை ஒன்றாகக் குறைத்துவிட்டது. அதாவது எல்டிஓ-6 கேசட் நிறைய வைத்திருப்பவர் எல்டிஓ-8 டிரைவ் வாங்கினால், பழைய கேசட்டைப் படிக்கப் பழைய டிரைவையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எஸ்டி0 எது, எஸ்டி1 எது?

இனி என் கதை. 2014. நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஸ்கிரிப்ட் எழுதியது நான். ஒரு சர்வர், அதன் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எல்டிஓ-5 டிரைவ். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது. மேல் டிரைவ் தினசரி பேக்கப்புக்கு, அதில் திங்கள், செவ்வாய் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கேசட்டுகளை அலுவலக உதவியாளர் அண்ணன் ஒருவர் தினமும் சாயங்காலம் மாற்றி வைப்பார். கீழ் டிரைவ் மாதாந்திர பேக்கப்புக்கு. மாதக் கடைசி ராத்திரி அதில் முழு பேக்கப் ஓடும், ஓடி முடிந்த கேசட்டை இரண்டு மூன்று நாள் கழித்து யாராவது எடுத்துப் போய் வங்கி லாக்கரில் வைப்போம். ஸ்கிரிப்டில் தினசரிக்கு எஸ்டி0, மாதாந்திரத்துக்கு எஸ்டி1. ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது.

ஒரு மாத முடிவில் முழு பேக்கப் ஓடி முடிந்தது, கேசட் கீழ் டிரைவிலேயே இருந்தது. நான் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டேன். மறுநாள் விடியற்காலை நீண்ட மின்வெட்டு, யூபிஎஸ் பேட்டரி தீர்ந்து எல்லாம் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வர் தானாக எழுந்துகொண்டது. ஆனால் மேல் டிரைவுக்குப் போகும் மின் பலகையின் சுவிட்சை யாரோ பத்திரத்துக்காக அணைத்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் போட்டார்கள். அதற்குள் கர்னல் தேடியாகிவிட்டது. அதற்குக் கிடைத்த ஒரே டேப் டிரைவ் கீழ் டிரைவ், அதற்கு எஸ்டி0 என்று பெயர் கொடுத்துவிட்டது. தாமதமாக வந்த மேல் டிரைவுக்கு எஸ்டி1.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் கிரான் எழுந்தது. தினசரி பேக்கப்பை எஸ்டி0க்கு எழுதியது. கேசட் தொடக்கத்தில் இருந்தது, தொடக்கத்தில் இருந்தே எழுதியது. எனக்கு வெற்றி என்று மெயிலும் அனுப்பியது. நாலு நாள் நாலு வெற்றி மெயில், கல்யாண வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். உதவியாளர் அண்ணனும் தன் வேலையில் குறை வைக்கவில்லை, தினமும் சாயங்காலம் மேல் டிரைவில் சரியான கேசட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு எழுத்துகூட எழுதப்படாத கேசட்டுகளை.

இது தெரியவந்தது எப்படி என்றால், கணக்குப் பிரிவில் ஒருவர் திங்கட்கிழமை அழித்த ஒரு கோப்பைத் திரும்பக் கேட்டார். திங்கள் கேசட்டைப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருந்தது அதற்கு முந்தைய வாரத் திங்கள். செவ்வாயும் அப்படியே. அப்புறம்தான் கீழ் டிரைவில் இருந்ததைப் படித்துப் பார்த்தேன். மாத பேக்கப் இருக்க வேண்டிய இடத்தில் நேற்றைய தினசரி பேக்கப் உட்கார்ந்திருந்தது.

டேப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பின் மேல் வேறொன்றை எழுதினால் அந்த இடம் மட்டும்தான் போகும், மற்றது தப்பிக்கும். டேப் அப்படி இல்லை. எழுதி முடித்த இடத்தில் டிரைவ் 'தரவு இத்தோடு முடிந்தது' என்று ஒரு அடையாளம் போடும். அதற்குப் பின்னால் என்ன கிடந்தாலும் டிரைவ் அதைத் தாண்டிப் போய்ப் படிக்காது. எல்டிஓ-5 கேசட்டில் 846 மீட்டர் டேப் இருக்கிறது, அதில் 1.5 டெராபைட் கொள்ளும். எங்கள் மாத பேக்கப் கிட்டத்தட்ட 900 ஜிபி, மேலே எழுதப்பட்டது 200 ஜிபி. மிச்ச 700 ஜிபி அந்த டேப்பில்தான் காந்தமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பிடித்திருக்கிறோம், படிக்க முடியாது. அந்த எரிச்சலை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

கேசட்டின் ஓரத்தில் எழுதுவதைத் தடுக்கும் ஒரு சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும், அதைத் தள்ளியிருந்தாலே தப்பித்திருக்கும். அதற்குக் கேசட்டை வெளியே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

வழக்கம்போல முதல் பழி டேப் மேல் விழுந்தது. டேப் என்றாலே பழசு, இந்தக் காலத்தில் யார் டேப் வைத்திருக்கிறார்கள், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்கலாம் என்று மீட்டிங் வரை போய்விட்டது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் சிலருடைய கடிதங்கள் காணாமல் போனபோது, பல இடங்களில் வைத்திருந்த பிரதிகளும் சேர்ந்தே அடிபட்டு, கடைசியில் டேப்பில் இருந்துதான் கூகுள் மீட்டுக் கொடுத்தது. அதை அந்த மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை. கர்னல் பதிவேட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினார்கள். டேப் டிரைவ் ஒன்று கிடைக்கும்போதெல்லாம் கர்னல் ஒரு வரி எழுதும், இன்ன முகவரியில் உள்ள டேப்பை எஸ்டி0 என்று சேர்த்துக்கொண்டேன் என்று. முன்பு சர்வர் எழுந்த நாட்களில் எல்லாம் அந்த இரண்டு வரியும் அடுத்தடுத்து, நொடிக்கணக்கில். மின்வெட்டு நாளில் மட்டும் ஒரு வரி காலை ஆறேகாலுக்கு, இன்னொன்று ஏழே முக்காலுக்கு. டேப் சொன்ன பேச்சைக் கேட்டது. பெயர்தான் ஆள் மாறிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் இதற்கான தீர்வு அந்த சர்வரிலேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். டெவ் அடைவுக்குள் பெயர்களை உருவாக்கும் யூடெவ் என்ற மென்பொருள் இருக்கும் எந்த லினக்ஸிலும் டெவ் அடைவுக்குள் டேப் என்று ஒரு அடைவும், அதற்குள் பை-ஐடி என்று ஒன்றும் பொதுவாகத் தானாகவே உருவாகும். அங்கே ஒவ்வொரு டிரைவுக்கும் அதன் சொந்த அடையாள எண்ணை வைத்து ஒரு பெயர் இருக்கும். ஸ்கசி என்று தொடங்கி, பின்னால் தொழிற்சாலையில் கொடுத்த நீளமான எண். அந்தப் பெயர், அன்றைக்கு அந்த டிரைவுக்கு எஸ்டி0 கிடைத்தாலும் எஸ்டி7 கிடைத்தாலும் சரியான டிரைவைத்தான் காட்டும். டோக்கன் நம்பருக்குப் பதில் ஆதார் நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்குக்கு இந்தப் பாடத்தை எல்லாரும் எப்போதோ படித்துவிட்டோம், யூயூஐடி என்ற அடையாள எண்ணைப் போட்டுத்தான் அதை மவுன்ட் செய்கிறோம், அதாவது சர்வரோடு சேர்க்கிறோம், இன்ஸ்டால் செய்யும்போதே அது தானாக அப்படி எழுதிக்கொடுத்துவிடுகிறது. டேப்புக்கு அந்த வழி கிடையாது, ஏனென்றால் யூயூஐடி டிஸ்க்குக்குள் எழுதப்பட்டிருக்கிறது. டேப்பில் உள்ளே எழுதியிருப்பது கேசட்டைப் பற்றியது, டிரைவைப் பற்றியது அல்ல. கேசட் வரும், போகும், சில நேரம் டிரைவ் காலியாகவே இருக்கும். அதனால் டிரைவின் அடையாளத்தை டிரைவிடம்தான் கேட்க வேண்டும். இது யாரும் தானாக எழுதித் தராததால்தான் நம்மில் பலர் எஸ்டி0 என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம்.

பை-ஐடி அடைவைத் திறந்தால் ஒரு டிரைவுக்கு இரண்டு பெயர் தெரியும், ஒன்று வெறும் எண்ணோடு, இன்னொன்று கடைசியில் என்எஸ்டி என்று முடியும். அந்த 'என்' முக்கியம். எஸ்டி என்று திறந்தால் வேலை முடிந்து மூடியதும் டிரைவ் கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி என்று திறந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் பெட்டிச் செய்தியில் டேட்டாபேஸுக்கு ஒரு வரி, கோப்புகளுக்கு ஒரு வரி, இரண்டும் எஸ்டி0 என்று இருந்ததே, அதை அப்படியே யாராவது செய்தால் முதல் வரி டேட்டாபேஸை எழுதும், கேசட் தொடக்கத்துக்குச் சுற்றும், இரண்டாவது வரி அதன் மேலேயே கோப்புகளை எழுதும். டேட்டாபேஸ் பேக்கப் தினமும் எடுக்கப்படும், தினமும் அழிக்கப்படும். இதைச் சொல்லத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன், யாராவது வெட்டி ஒட்டி வைத்திருப்பார்களே என்று பயம்.

எந்த எண் எந்த டிரைவ் என்று கண்டுபிடிப்பது சுலபம். டிரைவின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரை டிரைவிடம் கேட்டு வாங்கிய சீரியல் நம்பரோடு ஒப்பிடலாம், எஸ்ஜி-இன்க் என்ற கட்டளை அதைக் கேட்டுச் சொல்லும். பை-ஐடியில் இருப்பது சில சர்வர்களில் சீரியல் நம்பராக இல்லாமல் உலகளாவிய முகவரி எண்ணாக இருக்கும், குழம்ப வேண்டாம். அதைவிட எனக்குப் பிடித்த வழி: இரண்டிலும் காலி கேசட்டைப் போட்டுவிட்டு, டேப்பைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையில் ஒரு பெயரைக் கொடுத்து ஆஃப்லைன் என்று சொல்லுங்கள். எது கேசட்டை நாக்கு மாதிரி வெளியே நீட்டுகிறதோ அதுதான் அந்த டிரைவ். உடனே மார்க்கர் பேனாவால் அதன் நெற்றியில் எழுதிவிடுங்கள்.

அவ்வளவு நீள எண்ணை ஸ்கிரிப்டில் அடிக்கப் பிடிக்காமல் நான் சொந்தமாக யூடெவ் விதி ஒன்று எழுதினேன், இந்த எண் உள்ள டிரைவுக்குத் 'தினசரி' என்று ஒரு பெயர் வை, அந்த எண்ணுக்கு 'மாதம்' என்று வை, என்று. அதிலும் ஒரு தடவை சறுக்கினேன். ஒவ்வொரு டிரைவுக்கும் கர்னல் ஒரு பெயர் மட்டும் தருவதில்லை, என்எஸ்டி0, அதோடு கடைசியில் எல், எம், ஏ என்று ஒட்டிய இன்னும் மூன்று, வெவ்வேறு அமைப்பு முறைகளுக்காக. நான் விதியில் என்எஸ்டி என்று எழுதிப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டேன், அது நாலையும் பிடித்துக்கொண்டது. நாலும் ஒரே பெயருக்குச் சண்டை போட்டு, ஒரு ரீபூட்டில் சரியானது ஜெயிக்கும், இன்னொரு ரீபூட்டில் ஏ என்று முடிவது ஜெயிக்கும். அந்த ஏ முறையை யாரும் அமைத்து வைக்காததால் திறக்கப் போனால் அப்படி ஒரு கருவியோ முகவரியோ இல்லை என்று திட்டும். டிரைவ் கண்முன்னால் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது, லினக்ஸ் இல்லை என்கிறது! எண்ணில் முடியும் பெயரை மட்டும் பிடி என்று விதியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது. புதிதாக விதி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அல்லது விதியே எழுதாமல் பை-ஐடியோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்கிரிப்டில் கொடுத்த பெயரில் டிரைவ் இல்லாவிட்டால் டார் பிழை சொல்லி நிற்கும் என்றுதானே நினைப்போம்? நிற்காது. அந்த அடைவு இருந்தால், அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி அதில் எழுத ஆரம்பித்துவிடும். டெவ் அடைவு இருப்பது டிஸ்க்கில் அல்ல, ராமில். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நிரம்பும், சர்வருக்கு மூச்சு முட்டினாலும் முட்டும். அதனால் எழுதும் முன் அந்தப் பெயர் உண்மையிலேயே ஒரு கருவிதானா என்று ஸ்கிரிப்ட் ஒரு வரியில் சோதிக்க வேண்டும். சோதித்த பிறகு, கேசட்டின் தொடக்கத்தில் நாமே எழுதி வைத்த பெயரைப் படித்து, அது இன்றைக்கு எழுத வேண்டிய கேசட்தானா என்றும் பார்த்துவிட்டால் நிம்மதி. பக்யூலா மாதிரி பேக்கப் மென்பொருள்கள் எழுதும் முன் கேசட் பெயரை இப்படிப் பார்த்துக்கொள்கின்றன, அதனால் அங்கே தப்பான கேசட் அழிவது அபூர்வம். அதற்காக அங்கே பெயர்ப் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை.

நாலு டிரைவ், நடுவில் கேசட்டை எடுத்து வைக்கும் ரோபோ கை என்று பெரிய லைப்ரரி வைத்திருப்பவர்களுக்கு இது வேறு ரூபத்தில் வரும். ரோபோ தன் கணக்கில் முதல் டிரைவில் கேசட்டைப் போடும், மென்பொருளோ என்எஸ்டி0 என்று திறக்கும், அது இன்றைக்கு மூன்றாவது டிரைவாக இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை என்று ராத்திரி முழுக்கக் காத்துக்கொண்டிருக்கும். காலையில் வந்து பார்ப்பவர் டிரைவ் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவார். ரோபோவின் பெயர் இன்னும் மோசம், அதை எஸ்ஜி3 என்கிற மாதிரி ஒரு நம்பரில்தான் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ்ஜி வரிசையில் டேப் மட்டுமல்ல, எல்லா டிஸ்க்கும் சேரும். யாரோ ஒருவர் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி வைத்துவிட்டு ரீபூட் செய்தாலே ரோபோ எஸ்ஜி4 ஆகிவிடலாம். அதையும் அடையாள எண் பெயரில் எழுதுங்கள். ரோபோவிடமே எந்த இடத்தில் எந்த சீரியல் நம்பர் டிரைவ் இருக்கிறது என்று கேட்கவும் முடியும், பல லைப்ரரிகள் பதில் சொல்லும், பெரிய மென்பொருள்கள் சில அதைக் கேட்டுத்தான் தாங்களே பொருத்திக்கொள்கின்றன.

அடையாள எண் வழியிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. டிரைவ் கெட்டுப்போய் மாற்றினால் எண் மாறிவிடும், ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும். அதற்காகச் சிலர் பை-பாத் என்ற இன்னொரு அடைவைப் பயன்படுத்துகிறார்கள், அது டிரைவ் யார் என்று பார்க்காமல் எந்தக் கார்டில், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்க்கும். கேபிளை மாற்றிச் செருகாத வரை அது சரி. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அலுவலகத்தில் கேபிளை யார் எப்போது கழற்றி மாட்டுவார்கள் என்று யார் கண்டது. டிரைவ் மாறினால் பேக்கப் நின்று போகட்டும், எனக்கு மெயில் வரட்டும், நான் வந்து எண்ணை மாற்றிக்கொள்கிறேன். சில லைப்ரரிகளில் டிரைவை மாற்றினாலும் அந்த அறைக்கு என்று ஒதுக்கிய சீரியல் நம்பரையே புது டிரைவும் காட்டும்படி வைக்கலாம், அந்த வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஃபைபர் சேனலில் ஒரே டிரைவுக்கு இரண்டு பாதை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, ஒரே டிரைவ் இரண்டு எஸ்டியாகத் தெரியும், பை-ஐடி பெயர் அதில் ஏதோ ஒன்றைத்தான் காட்டும்.

லினக்ஸை மட்டும் ஏன் திட்ட வேண்டும் என்று சில வாசகர்கள் கேட்பார்கள். விண்டோஸிலும் டேப்0, டேப்1 என்றுதான் வரும், மாறாமல் இருக்க வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரியில் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். எச்பி கம்பெனியின் இயங்குதளமான எச்பி-யூஎக்ஸ் 2007ல் வந்த 11ஐ வி3 பதிப்பில்தான் இதற்கென்று நிலையான பெயர்களைக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் மட்டும் இதில் கெட்டிக்காரன். ஒருமுறை ஆர்எம்டி0 என்று பெயர் வைத்தால் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ளும். டிரைவ் அணைந்திருந்தாலும் அந்தப் பெயரை அடுத்தவருக்குக் கொடுக்காது, ஆள் வெளியூர் போயிருக்கிறார், வீட்டுப் பெயர்ப்பலகை அப்படியே இருக்கட்டும் என்று வைத்திருக்கும். ஏஐஎக்ஸில் பழகிவிட்டு லினக்ஸுக்கு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் அனுபவம், நானும் அந்தக் கூட்டம்தான்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் உதாரணம் எல்லாவற்றிலும் எஸ்டி0தான் இருக்கிறது, கையேடுகளிலும் அதேதான். ஆனால் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு அப்படியே செய்கிற சின்ன அலுவலகங்கள் நிறைய. ஆகவே அடுத்த இணைப்பில் அந்தப் பெட்டிக்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால் என் கடிதத்தை முழுக்க வெட்டிவிட்டு இதை மட்டும் போட்டாலும் போதும்:

எஸ்டி0 என்ற இடத்தில் டேப் அடைவின் பை-ஐடிக்குள் உங்கள் டிரைவுக்கு உள்ள, என்எஸ்டி என்று முடிகிற பெயரை எழுதவும். முதல் வரிக்கு முன்னால் அந்தப் பெயரில் கருவி இருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் ஸ்கிரிப்டை நிறுத்தவும். இருந்தால் கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு எழுதவும், டேட்டாபேஸுக்கும் கோப்புகளுக்கும் நடுவில் சுற்ற வேண்டாம். கிரானில் போட்ட பிறகு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு டிரைவை அணைத்து வைத்து சர்வரை ரீபூட் செய்து, அன்று ராத்திரி எந்தக் கேசட்டில் எழுதியது என்று மறுநாள் காலையில் படித்துப் பார்க்கவும். அந்தச் சோதனைக்குக் காலி கேசட்டையே வைக்கவும்.

இப்படிக்கு,
சர்வர் அறையில் இருந்து ஒரு வாசகன்,
கோயம்புத்தூர்.